மாப்பிள்ளை படித்த கல்

இதில் உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், பின்கால் விரிந்திருக்கிறது. கொஞ்சம் முன்னால்தான் ஒரு பெரியவர் சரியப் பார்த்தார். துக்க வீட்டுக்கென்று பந்தல்காரன் உடைசல் நாற்காலிகளைத் தனியாக எடுத்து வைத்திருப்பான் போலிருக்கிறது. இங்கே யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

நீங்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்ததைக் கவனித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே படி இறங்கினீர்கள். அவரிடம் படித்தவர்தானே? தெரியும். காலையிலிருந்து வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஒருத்தர் போலீஸ் அதிகாரியாம், தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு அழுகிறார். சரித்திரம் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியம்தான்.

நானா? நான் வைரவமூர்த்திக்கு மச்சான். அவர் பெண்டாட்டி சௌந்தரம் என் கூடப்பிறந்த தங்கை. ஒரே தங்கை. என் பெயர் பொன்னழகு. உள்ளேயா? இல்லை தம்பி, நான் உள்ளே போகவில்லை. போகவும் மாட்டேன்.

மடியில் இருக்கிற பையைப் பார்க்கிறீர்கள். இதில் இருப்பது கோடிச் சேலை. நீங்கள் பட்டணத்துப் பிள்ளை, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் புருஷன் தவறிப்போனால், கூடப்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து அவள்மேல் போர்த்த வேண்டும். ‘புருஷன் போனாலும் உனக்குப் பிறந்த வீடு இருக்கு’ என்று நாலு பேர் பார்க்கச் சொல்வது அது. பிறந்த வீட்டுக் கோடி விழவில்லை என்றால் அண்ணன் தங்கை உறவு அன்றோடு முடிந்தது. அப்புறம் அவள் வீட்டு நல்லதுக்கு நான் போக முடியாது, என் வீட்டுக் கெட்டதுக்கு அவள் வர முடியாது. வயசான காலத்தில் அப்படி ஒரு அறுப்பு எதற்கு? அதனால்தான் விடிந்ததும் கிளம்பி வந்தேன். கடைக்காரனைத் தட்டி எழுப்பி எடுத்த சேலை.

வந்தால் இவர்கள் ஒரு நிபந்தனை வைக்கிறார்கள்.

நான் வாசலில் நிற்கிறேன். மருமகள் வந்தாள், தங்கை மகள். ஒரே பிள்ளை. அவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார் தெரியுமா உங்கள் வாத்தியார்? செம்பியன்மாதேவி. எங்கள் குலசாமி பெயரை வையுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். ராணி பெயர் மச்சான், நூறு கோயிலைக் கல்லால கட்டுன அம்மா மச்சான் என்று சிரித்தார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை தன் பெயரை எழுதி முடிப்பதற்குள் மற்ற பிள்ளைகள் பாதிப் பரீட்சை எழுதியிருக்கும்.

அந்தச் செம்பியா வந்து சொல்கிறாள்: “மாமா, அம்மா சொல்லிருச்சு. நீ உள்ள வந்து அப்பா முகத்தைப் பாத்துட்டுக் கோடி போத்துனா வாங்கிக்குதாம். பாக்கலேன்னா கோடியும் வேணாமாம், ஒண்ணும் வேணாமாம்.”

“உங்க ஆத்தாளுக்குத் தெரியாதா? நான் சத்தியம் பண்ணுனவன்டி” என்றேன்.

“தெரியும். அதான் சொல்லுது. மெடிக்கல் காலேஜ் வண்டி வரப்போகுது. அப்பா உடம்பை எழுதிக் குடுத்துட்டாரு. வண்டி போயிருச்சுன்னா அப்புறம் சுடுகாடும் கிடையாது, சாம்பலும் கிடையாது. யோசிச்சுக்க.”

இதுதான் தம்பி நிலைமை. ஒரு மனுஷன் செத்தால் எரிக்க வேண்டும், இல்லை புதைக்க வேண்டும். இவர் செத்த பிறகும் காலேஜுக்கே போகிறார்!

என்ன சத்தியம் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். நீங்கள் படித்தவர். யார்மேல் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில், பிராகாரத்தில் ஒரு கல் நிற்கிறது. ஆள் உயரம், முழுக்க எழுத்து. எங்களுக்கு வில்லார் வகையறா என்று பெயர். அந்தக் கல்லில் ‘வில்லி’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது என்று எப்போதோ வந்த ஒரு சாமியார் எங்கள் பாட்டனாரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போதாதா? ராஜா எங்கள் முன்னோருக்கு முதல் மரியாதை கொடுத்த சாசனம் அது என்பதுதான் எங்கள் வகையறாவின் பேச்சு. வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் பூசி, மஞ்சள் சாத்தி, மாலை போடுவோம். தேரோட்டத்தில் எங்கள் வகையறாப் பெரியவருக்குத்தான் பரிவட்டம் கட்டித் தேர்வடத்தை முதலில் தொடச் சொல்வார்கள். அப்பாவுக்கு அப்புறம் நான். அந்தப் பட்டுத்துணியைத் தலையில் கட்டும்போது, தம்பி, ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பது எனக்கு மறந்துபோகும்.

நடுத்தெருவில் சேவுகப்பெருமாள் என்று ஒருத்தன். மரியாதை தன் வகையறாவுக்குத்தான் என்று அவன் கிளம்பினான். ஒரு வருஷம் தேர் நின்றுபோயிற்று. தாசில்தார் வந்து அமைதிக் கூட்டம் போட்டார். “கல்லுல என்ன இருக்குன்னு படிச்சிட்டாத் தீர்ந்தது. படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது?” என்று கேட்டார். நான் எழுந்தேன். “எங்க மாப்பிள்ளையே காலேஜ்ல அதைத்தான் சொல்லிக் குடுக்கிறாரு!”

சேவுகப்பெருமாள் ஆட்சேபிப்பான் என்று நினைத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? “வைரவமூர்த்தி சாரா? அவரு சொன்னா நான் ஒத்துக்கிறேன்.” அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எதிராளி ஒருத்தன் நம் மாப்பிள்ளையை அவ்வளவு சுலபமாக நம்புகிறான் என்றால் நம் மாப்பிள்ளையிடம்தான் ஏதோ கோளாறு.

வந்தார். தனியாக வரவில்லை. பெண்டாட்டி, பிள்ளை எல்லாரையும் கூட்டிக்கொண்டுதான் வந்தார். அவர் எந்தக் குன்றுக்குப் போனாலும், எந்தப் பாழடைந்த கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். குடும்பத்தோடு மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள், இவர் முள்ளுக்காட்டுக்குப் போவார். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அவரே தலை பின்னிவிட்டார், கோயில் வாசலில், எல்லாரும் பார்க்க! ஆம்பிளை செய்கிற வேலையா? என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் எடுக்கவே முக்கால் பொழுது ஆயிற்று. தேங்காய் நாரை வைத்துப் பக்குவமாகத் தேய்த்தார், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. அப்புறம் ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மேலே மை ஒற்றினார். எழுத்தெல்லாம் வெள்ளையாக எழும்பி வந்தது. காகிதத்தின் ஒரு முனையைச் சௌந்தரம் பிடித்துக்கொண்டாள், மறுமுனையை மகள். நான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தம்பி, அன்றைக்கு.

படித்துக்கொண்டே வந்தவர் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டார். முதலிலிருந்து மறுபடி படித்தார். அப்புறம் என் தோளைப் பிடித்துக் குளத்தங்கரைப் பக்கம் கூட்டிப்போனார்.

“மச்சான், இது வேணாம். ஒரு வருஷம் நீங்க, ஒரு வருஷம் அவங்கன்னு பேசி முடிச்சுக்குவோம். சேவுகப்பெருமாள்கிட்ட நானே பேசுறேன், ஒத்துக்குவாரு.”

“ஏன், பயப்படுறீங்களா மாப்பிள்ளை?”

“அதில்லை மச்சான். கூட்டத்துல படிக்கச் சொன்னா இருக்கிறதைத்தான் என்னால படிக்க முடியும்.”

“அதைத்தானய்யா நானும் சொல்றேன். இருக்கிறதைச் சத்தமாப் படிங்க. ஊரே கேக்கட்டும்.”

என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மச்சான், எனக்காக விட்டுடுங்களேன்.” நான் கையை உதறிக்கொண்டு போய்த் தாசில்தார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், உடைத்துச் சொல்ல வேண்டாமா? இப்படி இப்படி எழுதியிருக்கிறது, உங்கள் மானம் போகும் என்று சொல்லியிருந்தால் நான் என்ன முட்டாளா? பூடகமாகப் பேசினால் படிக்காதவனுக்கு எப்படிப் புரியும்?

படித்தார். ஊர் முழுக்க நிற்கிறது. அவர் வகுப்பில் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாக.

எங்கள் ஊரில் ஒரு வில்லி, அதாவது வில் பிடிக்கிறவன், இருந்தானாம். பன்றி வேட்டைக்குப் போனானாம். புதர் அசைந்ததாம். பன்றி என்று அம்பை விட்டிருக்கிறான். புதருக்குள் இருந்தது மனுஷன். செத்துப்போனான். ஊரார் கூடிப் பேசி, இவன் வேண்டுமென்று செய்யவில்லை, இவனைக் கொல்ல வேண்டாம், செத்தவனுக்காகக் கோயிலில் ஒரு விளக்கு எரிக்கட்டும், அந்த நெய்க்குப் பால் கறக்கக் கோயிலுக்கு ஆடு விடட்டும் என்று முடிவு செய்தார்களாம். அவன் ஒத்துக்கொண்டு விட்ட ஆடு, வைத்த விளக்கு, அதைச் சொல்கிற கல்.

அவ்வளவுதான். மரியாதையும் இல்லை, ராஜாவும் இல்லை. பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் மாலை போட்டுக் கும்பிட்டது எங்கள் வீட்டுக் கொலைக் கேஸை.

அப்புறம் சேவுகப்பெருமாள் கேட்டான்: “அப்ப மொத மரியாதையைச் செத்தவன் வகையறாவுக்குல்ல குடுக்கணும்? அது யாருன்னு போட்டிருக்கா சார்?” ஊரே சிரித்தது. தாசில்தார் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். ஒரு கிழவி, “அடப் பாவிகளா, பன்னிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதவனுகளா நீங்க” என்றாள். இன்றைக்கும் எங்கள் தெருவுக்கு என்ன பெயர் தெரியுமா? வேண்டாம், என் வாயால் எதற்கு?

அந்த வருஷம் பரிவட்டத்தைக் கோயில் அதிகாரி தலையில் கட்டினார்கள். பேண்ட் போட்ட ஆள். வடத்தை எந்தக் கையால் தொடுவது என்றுகூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

எழுத்துத் தேய்ந்துபோச்சு, தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? சொந்த மச்சானுக்காக ஒரு பொய். உலகத்தில் யாரும் சொல்லாத பொய்யா? அன்றைக்கே அம்மன் சன்னிதியில் கற்பூரத்தை அடித்து அணைத்தேன். “இனி உம்ம முகத்துல முழிக்க மாட்டேன். நீர் செத்தாலும் வந்து பாக்க மாட்டேன்.” சௌந்தரம் அழுதாள். அவர் கும்பிட்ட மாதிரி கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பதில் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருக்கும். அந்த நாகரிகமும் தெரியாது அவருக்கு.

அதற்கப்புறம் அவர் செய்ததையெல்லாம் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். அவர் இருக்கிற வீட்டில் எப்படி மிதிப்பது? இவர் என்ன செய்தார், ஒவ்வொரு பொங்கலுக்கும் என் தங்கையைப் பஸ்ஸில் கூட்டிவந்து தெருமுனையில் விட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்து டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். அவள் வந்து அரிசியும் கரும்பும் மஞ்சளும் வாங்கிக்கொண்டு, சாப்பிட்டு, பேசிவிட்டுச் சாயங்காலம் போகிறவரைக்கும் அங்கேயே. ஊர்க்காரனெல்லாம் பார்க்கிறான். “என்ன பொன்னழகு, மாப்பிள்ளையைக் கடையில உக்கார வச்சிட்டியே” என்று என்னைத்தான் கேட்கிறான். வேண்டுமென்றே என்னைச் சிறுமைப்படுத்தியதுதானே அது?

எங்கள் அம்மா கடைசியில் படுத்த படுக்கையாகிவிட்டாள். என் பெண்டாட்டிக்கு முடியவில்லை. சௌந்தரம் இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு மருமகன்தான் கஞ்சி ஊட்டியிருக்கிறார், படுக்கைத்துணி மாற்றியிருக்கிறார், காலேஜுக்குப் போவதற்கு முன்னால், வந்த பின்னால். மாமியார் மருமகன் முன்னால் நிற்கக்கூட மாட்டாள் எங்கள் சாதியில். அம்மா என்னிடம், “அவரு எனக்கு இன்னொரு மகன்டா” என்றாள். நான் உயிரோடு இருக்கும்போது! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அம்மாவைப் பார்க்க நான் வருகிற நாளில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். லைப்ரரிக்குப் போய்விட்டார் என்பாள் சௌந்தரம். ஒரு தடவையும் தவறியதில்லை. வீட்டுக்கு ஒருத்தன் வந்தால் வாசலில் நின்று வாங்க என்று கேட்க வேண்டாமா? இல்லை இல்லை, நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்தான். கல்யாணம் காட்சியில் எதிரில் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். அது என் சத்தியம். அதற்காக அவர் கேட்காமல் இருக்கலாமா?

என்ன சொன்னீர்கள்? வகுப்பில் அந்தக் கல்லைச் சொல்வாரா? வருஷா வருஷமா? பாருங்கள், பாருங்கள்! ஊரில் போன மானம் போதாதென்று, வருகிற பிள்ளைகளிடமெல்லாம்... என்னவென்று சொல்வார்?

‘எங்க மச்சான் வீட்டுக் கல்லு’ என்றா?

அந்த வார்த்தையேவா? அப்புறம்?

‘ஜெயிச்சதைக் கல்லுல வெட்டுன ஆயிரம் பேரைப் படிச்சிருக்கேன், தப்புப் பண்ணிட்டேன்னு வெட்டி வச்சவன் வம்சத்துல பெண் எடுத்தவன் நான்.’ இப்படியா சொல்வார்? சிரித்துக்கொண்டே சொல்வாரா, கேலியாகவா?

கேலி இல்லையா.

என்னிடம் அவர் சொன்னதே இல்லையே தம்பி. சொல்லியிருக்கலாமே, அந்த டீக்கடையிலிருந்து எழுந்து வந்து... சரி, நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன். திறந்திருக்க மாட்டேன்தான்.

இருங்கள். வெள்ளை வண்டி திரும்புகிறது பாருங்கள், அதுதானா? செம்பியாவும் கூப்பிடுகிறாள். இந்தப் பையைக் கொஞ்சம்... இல்லை, நானே வைத்துக்கொள்கிறேன். செருப்பு எங்கே விட்டேன்? போட்டுத்தான் இருக்கிறேன். இருங்கள் தம்பி, போய்விடாதீர்கள்.

இன்னும் இருக்கிறீர்களா. நல்லது. உட்காருகிறேன்.

பார்த்தீர்களே, பந்தலில் இருந்தபடியே. செம்பியா வாசலில் நின்று, “மாமா, கடைசியாக் கேக்கிறேன், வர்றியா இல்லையா” என்றாள். செருப்பைக் கழற்றினேன். படியில் காலும் வைத்தேன். சத்தியமாவது ஒன்றாவது, அம்மன் கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் காலை வைத்தேன். அந்நேரம் பார்த்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். “வழி விடுங்க, வழி விடுங்க” என்றான் அந்த ஆள். ஒதுங்கினேன். முகம் மூடவில்லை தம்பி, எனக்குத் தெரியும், தெரிகிற மாதிரிதான் வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில் போயிற்று.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

நினைத்துச் செய்யவில்லை. அவர் வருகிறார் என்றதும் உடம்பு தானாகத் திரும்பிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம். சுண்ணாம்புக் காரையில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். திரும்புடா, திரும்புடா என்று மனசு அடித்துக்கொள்கிறது. கழுத்து வரவில்லை. வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்ப முடிந்தது. கதவைத் தட்டினேன். பார்த்தீர்கள்தானே, ஓடிப்போய்த் தட்டினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாரோ கிழவர் துக்கம் தாங்காமல் அடிக்கிறார் என்று நினைத்திருப்பார். போய்விட்டார்.

காலேஜுக்குப் போய்க் கேட்டால் காட்டுவார்களா? காட்டமாட்டார்கள். சரி.

சௌந்தரம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பூ வைத்திருக்கிறாள், பொட்டு வைத்திருக்கிறாள், அவர் அப்படித்தான் இருக்கச் சொன்னாராம். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “குடுண்ணே” என்று கையை நீட்டினாள். “நான் பாக்கலியேம்மா” என்றேன். “தெரியும். குடு” என்றாள். வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போர்த்த விடவில்லை. வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். ஊரில் போய்க் கோடி விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். சௌந்தரம் மறுத்துப் பேசமாட்டாள்.

நான் வந்த காரியம் முடிந்தது. பஸ் இருக்கிறது. கிளம்ப வேண்டியதுதான்.

தம்பி, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் உள்ளே போய்க் கிட்டத்தில் நின்று பார்த்தீர்கள் அல்லவா? எனக்கு அவர் முகம் என்றால் கறுத்த மீசையோடு கல்லைப் படித்துக்கொண்டிருந்த முகம்தான் தெரியும். அதற்கப்புறம் பார்க்கவில்லை. மீசை வைத்திருந்தாரா கடைசியில்? முடியெல்லாம் நரைத்துவிட்டதா? பல் விழுந்து கன்னம் ஒட்டிப்போயிற்று என்று சௌந்தரம் ஒரு தடவை சொன்னாள், எந்தப் பக்கம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சொல்லுங்கள் தம்பி. எப்படி இருந்தார்?